ஐந்து முறை தட்டிய விரல்

அன்னக்கொடி அந்தக் காகிதத்தை முதலில் நேராகப் பார்த்தாள், பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கடைசியில் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த சூர்யகலா முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். புருசனைக் காணோம் என்று ஓடி வந்தவள் முன்னால் இப்படியா வேடிக்கை காட்டுவது என்று உதவியாள் திருப்பதிக்கே சங்கடமாக இருந்தது.

“பயப்படாத தங்கச்சி. அக்கா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல அடுத்தவுக பத்திரத்த எதிர்ல நின்னே படிச்சுப் பழகுனவுக. நேராக் குடுத்தாத்தான் புரியாது” என்றான்.

சூர்யகலா சிரிக்கவில்லை. திருப்பதியின் பேச்சுக்கு போடிநாயக்கனூரில் பெரிய கிராக்கி ஒன்றும் கிடையாது. ஒன்பது வருடம் ஜீப் ஓட்டியபோது, ஏலத்தோட்டத்துக்கு வேலைக்கு ஏறிய பெண்கள் இறங்கி ஓட வழியில்லாமல் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஜீப்பை விட்டுவிட்டு அன்னக்கொடியிடம் உதவியாளாகச் சேர்ந்த இந்த நாலு வருடத்தில் கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான். அவளும் பாதி நேரம் காதில் வாங்குவதில்லை.

அன்னக்கொடி பதினெட்டு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரில் தட்டச்சு மிஷினோடு உட்கார்ந்திருந்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் ஒரு கை பார்த்தாள். ஊரில் யார் எந்த மனு கொடுத்தாலும் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று இருந்த காலத்தில், எழுத்தைப் படிக்காமலே ஆளைச் சொல்கிற வித்தை அவளுக்குக் கைவந்துவிட்டது. ஓரம் விடுகிறவன், விடாதவன், வரிகளை நெருக்குகிறவன், பார்த்ததையெல்லாம் கறுப்பாக அடிக்கச் சொல்கிறவன் என்று அவளிடம் ஒரு பெரிய ஜாதகக் கட்டே இருந்தது. பொய் மனு எப்போதும் பார்க்க அழகாக இருக்கும் என்பாள். அந்த வித்தையை நம்பித்தான் ஏலக்காய் மண்டியின் மாடியில் ஒரு அறை பிடித்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள்.

விஷயம் இதுதான். சூர்யகலாவின் புருசன் யோகராஜ், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் ரைட்டர், அதாவது ஆபீஸ் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பியவர் தோட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. திங்கட்கிழமை அவருடைய மெயிலிலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு வேர்டு ஃபைலாக ஒரு கடிதம் வந்தது. ‘என் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டுப் போகிறேன், யாரும் தேட வேண்டாம்’ என்று இரண்டு பத்தி. அதன் கீழே, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல். செவ்வாய்க்கிழமை சூர்யகலா போலீசில் புகார் கொடுக்கப் போனாள். வயசு வந்த மனுசன் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், எங்களுக்கு வேறு சோலி இல்லையா என்று, தோட்டத்திலிருந்து வாங்கி வைத்திருந்த அந்தக் கடிதத்தின் நகலையே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்று புதன்.

மலையில் இரண்டு நாளாக விடாமல் சாரல். அந்த ஈரத்தில் ஒரு மனிதன் எங்கேயோ கிடக்கிறான், அல்லது கிடத்தப்பட்டிருக்கிறான். அதை நினைத்தாலே திருப்பதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சூர்யகலாவோ வந்ததிலிருந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குரங்கணிப் பக்கம் அவரைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம், முதலில் அங்கே போய்த் தேடலாமாம். யார் சொன்னது என்று கேட்டால் பெயர் தெரியாதாம்.

அன்னக்கொடி இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்துப் பத்தியின் முதல் வரிக்கு முன்னால் விட்டிருந்த இடத்தை அளந்தாள். பிறகு உன் புருசன் எப்படி டைப் அடிப்பார் என்று கேட்டாள்.

அதைச் சொல்லும்போது மட்டும் சூர்யகலாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவருக்கு அது ஒரு பைத்தியமாம். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைப் பார்க்க மாட்டாராம், ஓரம் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பாராம். பத்தி தொடங்க ஸ்பேஸ் தட்டுகிறவர்களைக் கண்டால் சோறு இறங்காதாம். வேர்டில் பத்திக்கு என்று ஒரு அளவு வைக்கலாம், பட்டியலுக்குத் தானாக எண் வரும்படி செய்யலாம், அதை விட்டுவிட்டு விரலை ஒடித்துக்கொள்கிறார்களே என்று வீட்டில் சண்டையே வருமாம்.

“அப்படின்னா இத அவரு அடிக்கல” என்றாள் அன்னக்கொடி. “பத்திக்கு முன்னால கால் இஞ்சுதான் எடம் இருக்கு. அஞ்சு தடவ ஸ்பேஸ் தட்டுனா வர்ற எடம். மிஷின்ல பழகுன கைக்குத்தான் அந்தப் புத்தி வரும். ஒண்ணு ரெண்டு மூணும் விரலால அடிச்சதுதான். அதான் ரெண்டாவது வரி எண்ணுக்கு அடியிலயே போயி விழுது.”

சூர்யகலாவின் முகம் வெளுத்தது. பயம் உண்மையாகிவிட்டால் யாருக்குத்தான் முகம் வெளுக்காது என்று திருப்பதி தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அன்னக்கொடி காகிதத்தை அவன் கையில் திணித்து, பட்டியலைப் படித்துப் பார், ஏதாவது உறுத்துகிறதா என்றாள். அவன் கடைசிப் பகுதியைச் சத்தமாகவே படித்தான்.

‘5. ஆபீசின் இன்னொரு சாவி என்னிடம் உள்ளது. தபாலில் வரும்.
6. மருந்து அறைச் சாவி மேசை இழுப்பறையில்.
7. மழை அளவு எழுதும் நோட்டு ஜன்னல் ஓரம்.
9. என் குடையைச் சமையல்காரர் வைத்துக்கொள்ளலாம்.
10. என் மனைவியை யாரும் எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்.’

“நல்ல மனுசன், மழைக்காலத்துல குடையக் குடுத்துட்டுப் போயிருக்காரு. மத்தபடி ஒண்ணும் உறுத்தலக்கா. எல்லாம் வரிசையாத்தான் இருக்கு.”

அன்னக்கொடி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு காகிதத்தை வாங்கி சூர்யகலாவிடம் நீட்டி அதையே கேட்டாள். அவளும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று தலையாட்டினாள். அன்னக்கொடி ம் என்று மட்டும் சொல்லிக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் சொல்ல மாட்டாள் என்பது திருப்பதிக்குத் தெரியும். அதனால் தெரிந்தவரிடம் ஒரு ஜீப்பை இரவல் வாங்கி வரக் கீழே இறங்கினான்.

மலை அடிவாரத்து முந்தலில் குரங்கணிக்குப் பாதை பிரிகிற இடத்தில் சூர்யகலா பின் சீட்டிலிருந்து அவன் தோளைத் தட்டினாள். இந்தப் பக்கம் திருப்புங்கண்ணே என்று கெஞ்சினாள். திருப்பதியின் கை ஸ்டீயரிங்கில் தடுமாறியது. அன்னக்கொடி முன்னால் பார்த்தபடியே, கடிதத்தை அடித்த விரலைப் பிடித்தால் ஆள் தானாகக் கிடைப்பார், மேலே போ என்றாள். கடிதத்தின் மூல ஃபைலைப் பார்க்க வேண்டும், அது தோட்டத்துக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

பதினேழு வளைவும் ஏறும் வரை யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. மேகம் ரோட்டில் இறங்கி நின்றது. முன்னால் போன லாரி தெரியவில்லை, அதன் சத்தம்தான் கேட்டது. வழியில் அன்னக்கொடி சும்மா கேட்பதுபோல, நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று சூர்யகலாவிடம் கேட்டாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் இருக்கிறேன் என்றாள் அவள். என்ன கடை என்று அன்னக்கொடி கேட்கவில்லை.

தோட்டத்து மானேஜர் லிங்கேஸ்வரன் அறுபதைத் தாண்டியவர். தேவாரத்துக்காரர்தான் என்றாலும் முப்பது வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்ததில் பேச்சில் பாதி மலையாளம் ஏறியிருந்தது. சூர்யகலா புருசனின் துணிமணிகளை எடுத்துப் போக வந்திருப்பதாகவும், அன்னக்கொடி அவளுடைய சித்தி என்றும், திருப்பதி வெறும் டிரைவர் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். வெறும் டிரைவர் என்பதில் திருப்பதிக்கு மனத்தாங்கல் உண்டு. லிங்கேஸ்வரன் மூன்று பேருக்கும் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவரச் சொன்னார்.

“எந்தா செய்யான் சேச்சி, மனசு சலிச்சுப் போயிட்டான். எழுதி வச்சுட்டுத்தானே போயிருக்கான். இனித் தேடி என்ன காரியம்?”

அந்தக் குரலில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. திருப்பதி அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தான். சட்டம் போட்டு மாட்டியிருந்த சர்டிபிகேட் ஒன்று தொங்கியது. தட்டச்சு, மேல்நிலை, முதல் வகுப்பு. மிஷினில் பழகிய கை. கேஸ் முடிந்தது என்று திருப்பதி அன்னக்கொடியின் காலை மேசைக்கு அடியில் மிதித்தான். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது மேசையின் கால் என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் ஏதோ சூடு கூடிவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட, லிங்கேஸ்வரன் எழுந்து போனார். போகும்போது, அந்தக் கம்ப்யூட்டரில் கை வைக்க வேண்டாம், நாளைக்கு அதைச் சர்வீசுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அன்னக்கொடி அதன் முன்னால்தான் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு என்று கேட்டு நின்றது. சூர்யகலா ஒரு நொடிகூட யோசிக்காமல் குனிந்து அடித்துக் கொடுத்துவிட்டு, யோகராஜின் துணிகளை மடிக்கப் பக்கத்து அறைக்குள் போனாள்.

கடிதம் திரையில் விரிந்தது. அன்னக்கொடி மேலே இருந்த பத்திக்குறி பொத்தானை அமுக்கினாள். அச்சடித்தால் வராத அடையாளங்கள் எல்லாம் வெளியே வந்தன. ஸ்பேஸ் தட்டிய இடமெல்லாம் சின்னப் புள்ளி, என்டர் தட்டிய இடமெல்லாம் அந்தக் குறி. ஒவ்வொரு பத்திக்கு முன்னாலும் சொல்லி வைத்தாற்போல ஐந்து புள்ளி. பக்கத்தில் லிங்கேஸ்வரன் தோட்ட முதலாளிக்கு எழுதிய கடிதம் ஒன்றையும் திறந்து வைத்தாள். அதிலும் ஐந்து புள்ளி.

“சொன்னேன்ல. வெரசா ஆளப் பிடிப்போம்” என்று திருப்பதி எழுந்தான்.

“உக்காரு. இவரு கடுதாசியிலயும் ஒரு பட்டியல் இருக்கு பாரு. பன்னெண்டு எண் இருக்கு.”

“இருக்கு. அதுக்கென்ன?”

“இதுல எட்டு இருக்கு. யோகராஜ் பேர்ல வந்த லெட்டர்ல எட்டு எங்க? ஒரு வரிய அழிச்சிருப்பாகளோன்னு நெனச்சுத்தான் மூல ஃபைலப் பாக்கணும்னு வந்தேன். அழிச்ச மாதிரியும் தெரியல. எடம் விடாம அடிச்சிருக்கு.”

“எட்டு எதுக்குக்கா இருக்கணும்? ஏழுக்கு அப்புறம் ஒம்பதுதான…”

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. தான் சொன்னது தன் காதில் விழ அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அன்னக்கொடி நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு, இதைத்தான் காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டாள்.

திருப்பதி மெதுவாகச் சொன்னான். போடியில் அவன் வண்டி ஓட்டிய கீழ ஸ்டாண்டில், தோட்டத்துக்கு ஏறுகிற ஆட்களின் பெயரை எழுதும் டிரிப் சீட்டில் எட்டு கிடையாது. அவன் சேர்வதற்கு முன்னால் எப்போதோ, எட்டாவது பெயராக ஏறிய பெண் மலையிலிருந்து திரும்பி வரவில்லை. அடுத்த வருடமும் எட்டாவதாக எழுதிய ஆளுக்கே அப்படி ஆயிற்று. அதோடு எட்டை விட்டுவிட்டார்கள். பதினைந்து பேர் ஏறினால் சீட்டில் பதினாறு வரை எண் போகும். செக்போஸ்டுக்குப் புதிதாக வருகிற போலீஸ்காரர் இன்னொரு ஆள் எங்கே என்று வண்டிக்கு அடியில் குனிந்து தேடுவார். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் வேர்டு தானாகவே எட்டைப் போட்டுவிட, அந்தச் சீட்டைப் பார்த்த பெண்கள் வண்டியில் ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து டிரிப் சீட்டுக்கு எண்ணைக் கையால்தான் அடிப்பது.

“ஒம்பது வருசம் அந்தச் சீட்டையே பாத்துட்டு வண்டி ஓட்டுனவன் நீ. எட்டு இல்லாதது ஒனக்கு உறுத்தல, சரி. ஆனா காலையில நான் ரெண்டு பேருகிட்டக் காட்டுனேன்” என்றாள் அன்னக்கொடி.

இரண்டாவது ஆள் யார் என்பது திருப்பதிக்கு உறைத்தது. போனை எடுத்துக் கீழ ஸ்டாண்டு கோட்டைச்சாமியைக் கூப்பிட்டான். இப்போதெல்லாம் டிரிப் சீட்டு யார் அடிக்கிறார்கள் என்று கேட்டான். கோட்டைச்சாமி சொன்ன பதில் போனுக்கு வெளியேயும் கேட்டது. பஸ் ஸ்டாண்டு டைப் கடையில இருக்க ரைட்டர் பொண்டாட்டி சூர்யகலாதான் மாப்ளே, மூணு வருசமா, மிஷின்ல பழகுன கை, ஏன் கேக்குற?

பக்கத்து அறையின் வாசலில் சூர்யகலா நின்றிருந்தாள். கையில் மடித்த சட்டை அப்படியே இருந்தது. அவள் ஓடப் பார்க்கவில்லை, அழவும் இல்லை.

“நாந்தான் அடிச்சேன்” என்றாள்.

திருப்பதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து தண்ணீர் கொடுத்து, தங்கச்சி தங்கச்சி என்று உருகி, இரவல் ஜீப்பில் பதினேழு வளைவு ஏற்றிக் கொண்டுவந்தவன் அவன். ஆனால் அன்னக்கொடி அவனைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, உட்கார்ந்து சொல் தாயி என்றாள்.

சூர்யகலா நின்றபடியே சொன்னாள். இந்த மலையில் ஏலச்செடிக்கு நிழல் கொடுக்கிற மரத்தை வெட்டக்கூடாது. லிங்கேஸ்வரன் வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். யோகராஜ் எந்தச் சரிவில் எந்த மரம் போயிற்று என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார், காட்டிலாகாவுக்குக் கொடுப்பதற்காக. போன சனிக்கிழமை மானேஜர் அவரைக் கூப்பிட்டு, மழை நேரம், மலையில் வழுக்கி விழுந்தால் யார் கேட்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அதைக் கேட்டு அவளுக்கு உயிரே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவரைக் குரங்கணியில் தன் அத்தையின் காப்பித் தோட்டத்துக் குடிசையில் கொண்டுபோய் வைத்தாள். ஆளைத் தேடாமல் இருக்கட்டும் என்று திங்கட்கிழமை அவருக்கே தெரியாமல் இந்தக் கடிதத்தை அடித்து, அவர் மெயிலிலிருந்தே அனுப்பினாள்.

“செவ்வாக்கிழம காலையில சோறு கொண்டுக்கிட்டுப் போனேன்க்கா. குடிசையில ஆளக் காணோம். போன் வேண்டாம்னு நாந்தான் புடுங்கி வச்சிருந்தேன். போலீசுல உள்ளதச் சொன்னா லெட்டர் நான் அடிச்சது தெரிஞ்சுரும். நீதான் அவரை என்னமோ பண்ணிட்டேம்பாக. அதான் குரங்கணிக்கே கூப்பிட்டேன்.”

பொய் மனு அழகாக இருக்கும் என்று சொல்வீர்களே அக்கா, இது இவ்வளவு கோணலாக இருந்தும் பொய்தானே என்று திருப்பதி வாயைத் திறந்தான். சூர்யகலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவனுடைய உதவியாளர் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட பேச்சு அது ஒன்றுதான்.

அன்னக்கொடி ஏற்கெனவே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தாள். அந்த மனிதனிடம் ஆபீசின் இன்னொரு சாவி இருக்கிறது என்று ஐந்தாவது வரி சொல்கிறதே, அது உண்மையா என்று கேட்டாள். உண்மைதான், எப்போதும் அரைஞாணில் கட்டியிருப்பார் என்றாள் சூர்யகலா. கடைசியாகத் திறந்த ஃபைல்களின் வரிசையை அன்னக்கொடி இறக்கினாள். மழை அளவு என்று பெயரிட்ட ஒரு ஃபைல், செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குச் சேமிக்கப்பட்டிருந்தது. தோட்டத்தில் யாரும் எழுந்திருக்காத நேரம்.

திறந்தாள். உள்ளே மழையும் இல்லை, அளவும் இல்லை. மரங்கள் இருந்தன. திருப்பதிக்குக் கம்ப்யூட்டர் பற்றி அதிகம் தெரியாது, ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது சீராக நட்ட தோட்டத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சரிவின் பெயர் தலைப்பாக, அதற்கு உள்தள்ளி மரங்கள், இரண்டாவது வரி முதல் வரிக்கு நேர் கீழே. பத்திக்குறியை அமுக்கினால் தேவையில்லாத ஒரு புள்ளி கிடையாது. ஐந்து சரிவு, நாற்பத்தொரு மரம். ஆறாவது தலைப்பு, நீரோடைச் சரிவு. அதற்குக் கீழே 6.1 என்ற எண் மட்டும் தனியாக நின்றது. பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை.

“என்டர் தட்டுனாத் தானா மொளைக்கிற எண் இது. தலைப்பு போட்டு, என்டர் தட்டி, எண்ணைத் தயாரா வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருக்காரு. அரைகுறையா வச்சிட்டு ஒளிஞ்சிருக்க அந்த மனுசனுக்கு ஆகல. மலைப்பாதையில ஏறி வந்து, கடைசிச் சரிவ எண்ணப் போயிருக்காரு. போனவரு திரும்பி வந்து இந்த வரிய நிரப்பல” என்றாள் அன்னக்கொடி. அவள் குரல் இப்போதுதான் முதல் தடவையாகப் பதறியது.

செவ்வாய் விடியற்காலை. இப்போது புதன் பகல் ஒன்றரை. ஒன்றரை நாள். வெளியே சாரல் கனத்துக்கொண்டிருந்தது.

அன்னக்கொடி அந்த ஃபைலைத் தன் மெயிலுக்கு அனுப்பிவிட்டு எழுந்தபோது லிங்கேஸ்வரன் வாசலில் நின்றார். நீரோடைச் சரிவுக்கு எந்த வழி என்று அவரிடமே கேட்டாள். அவர் முகத்திலிருந்த நிம்மதி மறைந்தது. அங்கே ஆனை இறங்கியிருக்கிறது, வெளியாட்களை விட முடியாது என்றார்.

“ஆனைக்குத் தெரியாமப் போயிட்டு வந்துர்றோம் சார்” என்றான் திருப்பதி.

அவர் கதவு நிலையில் கையை ஊன்றி வழியை அடைத்தார். அன்னக்கொடி நிதானமாகச் சொன்னாள். “நாப்பத்தொரு மரம் இப்ப என் மெயில்ல இருக்கு. யோகராஜை நாங்க உசுரோட கொண்டுவந்தா உங்களுக்கு மரக் கேசு மட்டுந்தான். தாமசமாச்சுன்னா வேற கேசு. நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

கை இறங்கியது. அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடிதத்தை அடித்தது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

வழியைக் காட்டியவர்கள் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள். ரைட்டரைக் காணோம், நீரோடைச் சரிவில் இருக்கலாம் என்று சூர்யகலா கத்தியதும் நாலைந்து பேர் கூடையை அப்படியே போட்டுவிட்டு முன்னால் ஓடினார்கள். ஆள் உயரத்துக்கு நின்ற ஏலச்செடிகளுக்கு நடுவில் சேறு முழங்கால் வரை வாங்கியது. சட்டென்று செடிகள் முடிந்து வானம் திறந்தது. மரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெட்டிய அடிக்கட்டைகள் இருந்தன. ஓடைப் பக்கம் அடுக்கி வைத்திருந்த பெரிய மரத்தடிகள் மழையில் சரிந்து கிடந்தன.

அந்தத் தடிகளுக்கு நடுவில் யோகராஜ் கிடந்தார். வலது கால் உள்ளே மாட்டியிருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. சூர்யகலா பக்கத்தில் விழுந்து கன்னத்தில் தட்டினாள், பிறகு அறைந்தாள். இரண்டாவது அறைக்குக் கண் திறந்தது.

“பதினேழு மரம்” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. “எழுதிக்க.”

ஒன்றரை நாள் அடக்கி வைத்த அழுகையெல்லாம் சூர்யகலாவுக்கு அப்போதுதான் வந்தது. திருப்பதியும் பெண்களும் தடியை நெம்பித் தள்ளினார்கள். சாக்கை விரித்து அதில் தூக்கி வைத்து ஜீப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இறங்கும்போது மழை விட்டிருந்தது. மெட்டுக் கடையில் வாங்கிய சூடான சாயா இரண்டு மடக்கு உள்ளே போனதும் யோகராஜுக்குப் பேச்சு வந்தது. நடந்ததையெல்லாம் அன்னக்கொடி சுருக்கமாகச் சொன்னாள். அப்படி ஒரு கடிதம் தன் பெயரில் போயிருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியும். காட்டுங்கள் என்று கையை நீட்டினார். சூர்யகலா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அன்னக்கொடி அதைப் பார்க்காத மாதிரி எடுத்துக் கொடுத்தாள்.

பொண்டாட்டி மடியில் தலை வைத்தபடி அவர் அதை முகத்துக்கு நேராகப் பிடித்தார். திருப்பதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வளைவைத் திருப்பினான்.

“ஸ்பேஸ் தட்டியிருக்க” என்றார் யோகராஜ்.

“ஆமா.”

“ரெண்டாவது வரி எண்ணுக்கு அடியில போயி விழுது.”

“விழுகட்டும்.”

“எட்டு எங்க?”

சூர்யகலா அவருடைய நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நீங்க போயிட்டீங்கன்னு ஊருக்குச் சொல்லத்தான் அடிச்சேன். போனவரு திரும்பி வரணும்ல. எட்டுப் போடக் கை வரல.”

யோகராஜ் காகிதத்தை மடித்தார். ஓரத்துக்கு ஓரம் சரியாக மடித்து, ஈரச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஜீப் இன்னும் இரண்டு வளைவு இறங்கியது.

“காட்டிலாகாவுக்குக் குடுக்குற பட்டியல நீயே அடி” என்றார் பிறகு. “நான் படுத்துக்கிட்டுச் சொல்றேன்.”

“எனக்கு ஒங்கள மாதிரியெல்லாம் அடிக்க வராது.”

“ஸ்பேஸ் தட்டியே அடி.”

சொல்வதற்கு ஏதாவது கிடைக்கிறதா என்று திருப்பதி தேடிப் பார்த்தான். பக்கத்தில் அன்னக்கொடி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அவன் கியரைக் குறைத்து, பின்னால் இருப்பவரின் கால் குலுங்காதபடி அடுத்த வளைவை மெதுவாகத் திருப்பினான்.